ஆடுகளமும் காலணியும்

கூடைப்பந்தாட்டத்துக்குரிய காலணியைத் தேர்ந்தெடுக்கும் வகை பற்றி மாணவர்களுக்குச் சில சொற்கள் கூறுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் காலணி வணிகன் அல்லேன். பெயர்பெற்ற ஆட்டக்காரனும் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாலை வேளைகளில் பள்ளி ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றவன் என்பதே எனக்குள்ள தகுதி. சுளுக்கிய கணுக்காலுடன் இரு தோழர்களின் தோளைப் பற்றி நொண்டிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பல முறை கண்டிருக்கிறேன். ஒரு சுளுக்கினால் ஓர் ஆண்டின் ஆட்டத்தையே இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. மற்றொரு புறம், தந்தையின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிய காலணியை அணிந்து வந்து, மூன்றே மாதங்களில் அடிப்பகுதி தேய்ந்து வழவழப்பாகி விட, வீட்டாரிடம் சொல்ல அஞ்சி அதனையே அணிந்து வழுக்கி விழுந்த பிள்ளைகளையும் அறிவேன். ஆகவே இதனைச் சிறு பொருள் என்று நான் எண்ணவில்லை.

எந்தக் கருவியையும் அறிய விரும்புவோர், அது எத்தேவையின் பொருட்டுப் பிறந்தது என்று முதலில் கேட்க வேண்டும். கூடைப்பந்தாட்டம் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், குளிர்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாத மாணவர் பதினெண்மருக்காக இவ்வாட்டத்தை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைச் சுவரில் உயரே மாட்டி, 13 விதிகளை எழுதித் தட்டச்சிட்டு ஒட்டினார். அவ்விதிகளுள் நம் பொருளுக்கு வேண்டுவது ஒன்று. பந்தைப் பற்றியவன் அதனுடன் ஓடலாகாது. பற்றிய இடத்திலிருந்தே எறிதல் வேண்டும். விரைந்து ஓடி வருகையில் பற்றியவன் நிற்க முயன்றால் மட்டும் அவனுக்குச் சிறிது சலுகை உண்டு என்பது அந்த விதி. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் முறை பின்னர் வந்தது. எனினும் பந்தைக் கையில் பிடித்துவிட்டால் நின்றாக வேண்டும் என்னும் கட்டுப்பாடு இன்றளவும் மாறவில்லை.

இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவன் முடிவுக் கோட்டைக் கடந்தபின் மெல்ல மெல்ல நிற்கலாம். கூடைப்பந்தாட்டக்காரனோ முழு வேகத்தில் வந்து இரண்டடியில் நிற்க வேண்டும். நின்றவுடன் வேறு திசையில் திரும்ப வேண்டும். இலக்கோ 10 அடி உயரத்தில் இருப்பதால், எம்பிக் குதிக்கவும் வேண்டும். குதித்தவன் கடுந்தரையில் இறங்கவும் வேண்டும். நிற்றல், திரும்புதல், இறங்குதல் ஆகிய இம்மூன்றையும் தாங்குவதற்கே கூடைப்பந்துக் காலணி உண்டாயிற்று. நூறாண்டுக்கு மேற்பட்ட அதன் மாற்றங்கள் எல்லாம் இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்றைப் பற்றியவையே. கடையில் காட்டப்படும் மற்றவை அலங்காரம்.

முதற் சிக்கல் நிற்றல். மெருகிட்ட மரத்தளத்தில் தோல் அடியுள்ள காலணி வழுக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இதற்கு விடை ரப்பரே. ஆனால் மரத்திலிருந்து வடித்த ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இரண்டு குறைகளும் நீங்கும் என்று கண்டு 1844-இல் காப்புரிமை பெற்றவர் சார்லஸ் குட்இயர். அவ்வாறு பதப்படுத்திய ரப்பரைத் துணியோடு இணைத்துக் காலணி செய்யும் தொழில் அமெரிக்காவில் வளர்ந்தது. 1908-இல் மாசசூசெட்ஸில் தொடங்கப்பெற்ற கான்வெர்ஸ் என்னும் நிறுவனம், முதலில் மழையிலும் பனியிலும் அணியும் ரப்பர்க் காலணிகளைச் செய்துவந்தது. 1917-இல் அது வெளியிட்ட ‘ஆல் ஸ்டார்’ என்பதே கூடைப்பந்துக் காலணிகளுக்கு மூதாதை எனத்தக்கது. கணுக்காலை மூடும் உயரம், கான்வாஸ் துணி, தட்டையான ரப்பர் அடி, இவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆட்டக்காரரான சக் டெய்லர் என்பவர் 1920-களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று ஆட்டமும் கற்பித்தார், காலணியும் விற்றார். 1930-களில் அவர் பெயரே காலணியின் கணுக்காலடியில் பொறிக்கப்பட்டது. விற்பனைக்காக ஆட்டக்காரரின் பெயரைக் காலணியில் ஏற்றும் வழக்கம் நேற்று வந்ததன்று என்பதை நீங்கள் இதனால் அறியலாம்.

ரப்பர் அடி எவ்வளவு சிறந்ததாயினும் தளம் ஒத்துழைக்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அங்கே ஆட்டங்கள் திறந்த வெளியில், டென்னிஸ் ஆடும் மண் தளத்தில் நடைபெற்றன. இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டியது. தளம் சேறாயிற்று, பந்து தட்டினால் எழவில்லை. அமெரிக்கரும் கனடியரும் ஆடிய அவ்வாட்டத்தின் முடிவு 19-க்கு 8. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் முழு ஆட்டமும் ஆடி எடுத்த புள்ளிகள் இருபுறமும் சேர்ந்து இருபத்தேழு! நெய்ஸ்மித்தே அந்த ஒலிம்பிக்கிற்கு வந்திருந்தார். மரத்தளத்துக்கென்று பிறந்த காலணியைச் சேற்றில் இறக்கினால் அது என் செய்யும்?

கான்வாஸ் காலணியின் ஆட்சி 1960-கள் வரை ஏறக்குறைய எதிர்ப்பின்றி நடைபெற்றது. பிறகு தோல் வந்தது. ஜெர்மானிய நிறுவனமாகிய அடிடாஸ், முன்விரல்களின் மேல் சிப்பி வடிவ ரப்பர் மூடியுள்ள ‘சூப்பர்ஸ்டார்’ என்னும் தோற்காலணியை 1969-இல் வெளியிட்டது. துணி நீளும், தோல் அவ்வளவு நீளாது. பக்கவாட்டில் திரும்பும்போது பாதம் காலணிக்குள் நழுவிச் செல்லாமல் அது பிடித்து வைத்தது. திரும்புதல் என்னும் இரண்டாவது தேவைக்கு இது விடை. அக்காலணி கணுக்காலை மூடாத தாழ்ந்த வகை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பின்னால் இது பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தேவை, இறங்குதல். குதித்து இறங்குபவனின் காலில் அவன் எடையைப்போல் பல மடங்கு விசை தாக்குகிறது. பழைய தட்டை ரப்பர் இதற்கு ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை. 1970-களில், அமுங்கி மீளும் நுரைப்பொருள் ஒன்று ஓட்டக் காலணிகளின் அடிக்கும் பாதத்துக்கும் இடையே வைக்கப்பட்டது. விண்வெளித் துறைப் பொறியாளரான ஃபிராங்க் ரூடி, அழுத்திய வாயுவை அடைத்த பையொன்றை அவ்விடத்தில் வைக்கலாம் என்றார். நைக்கி நிறுவனம் அதனை முதலில் ஓட்டக் காலணியில் சேர்த்தது. 1982-இல் ‘ஏர் ஃபோர்ஸ் ஒன்’ என்னும் பெயரால் கூடைப்பந்துக் காலணியிலும் கொணர்ந்தது. 1989-இல் ரீபாக் நிறுவனமோ, காலணியின் நாக்கில் ஒரு சிறு பந்தைப் பொருத்தி, அதனை விரலால் அமுக்கினால் உள்ளே காற்றுப் பை உப்பிப் பாதத்தை இறுக்குமாறு செய்தது. சைக்கிளுக்குக் காற்றடிப்பது போன்ற இவ்வேலையைக் கண்டு அக்காலத்துப் பிள்ளைகள் மயங்கியதில் வியப்பில்லை.

இடையே 1985-இல் மைக்கேல் ஜோர்டானின் பெயரால் ஒரு காலணி வந்தது. அதன் சிவப்பும் கறுப்பும் விதிக்கு மாறானவை என்று அமெரிக்கத் தொழில்முறைக் கழகம் தடை செய்ததாக விளம்பரம் முழங்கியது. கழகம் குறை கூறியது உண்மையில் அக்காலணியைத்தானா, வேறொன்றையா என்பதே இன்று வாதத்துக்குரியது. ஆனால் விற்பனை மட்டும் வாதத்துக்கு இடமின்றிப் பெருகிற்று. அதே ஆண்டு அக்டோபரில், ஜோர்டானின் இடப்பாதத்து எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தில் அவர் 64 ஆட்டங்களை இழந்தார். காலணியால் முறிந்தது என்று நான் சொல்லவில்லை. உலகப் புகழ்பெற்ற காலணியும் எலும்பு முறியாமல் காப்பதற்கு உறுதி தராது என்று மட்டுமே சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், அமெரிக்கக் கல்லூரி ஆட்டமொன்றில், ஜயன் வில்லியம்சன் என்னும் பேருடல் வாய்ந்த இளைஞர் திரும்ப முயன்றபோது அவருடைய காலணியே பிளந்து பாதம் வெளியே வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. முழங்கால் சுளுக்குடன் அவர் வெளியேறினார்.

இனிக் கணுக்காலுக்கு வருவோம். உயரமான காலணி கணுக்காலைச் சுளுக்காமல் காக்கும் என்று நம்மில் பலரும் நம்புகிறோம். கடைக்காரர்களும் அவ்வாறே கூறுகின்றனர். 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. கல்லூரி ஆட்டக்காரர் 622 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு உயரமான காலணியும், சிலருக்குத் தாழ்ந்த காலணியும், சிலருக்குக் காற்றுப் பையுள்ள உயரமான காலணியும் அளித்தனர். பருவம் முடிந்து கணக்கிட்டபோது, காலணியின் உயரத்துக்கும் சுளுக்குக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் கோபி பிரையன்ட் கால்பந்தாட்டக்காரர்களைச் சுட்டிக்காட்டி, அவர்களைப் போலத் தாழ்ந்த காலணியே தமக்கும் வேண்டும் என்று கேட்டு அணிந்தார். அதன்பின் தாழ்ந்த காலணிகள் மீண்டும் பெருகின.

இதனினும் கவனிக்கத்தக்கது 2001-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டப் பங்கேற்புகளைக் கண்காணித்து, யாருக்குக் கணுக்கால் காயம் மிகுதியாக நேர்கிறது என்று ஆராய்ந்தனர். முன்பே ஒருமுறை சுளுக்கியவர்களுக்கு, மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வாய்ப்பு. ஆட்டத்துக்கு முன் உடலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யாதவர்களுக்கு 2.6 மடங்கு. குதிகாலில் காற்றறையுள்ள காலணி அணிந்தவர்களுக்கு 4.3 மடங்கு! மெத்தென்ற குதிகாலில் பாதம் நிலைகொள்ளாது தள்ளாடுவது காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். ஏறக்குறையப் பாதிக் காயங்கள் குதித்து இறங்கும்போதே நேர்ந்தன. மென்மை வேறு, உறுதி வேறு என்பதை இவ்வாய்வு நன்றாக விளக்குகிறது. அழுத்தினால் தலையணை போல் அமுங்கும் குதிகாலைக் கண்டு நீங்கள் மகிழ்ச்சியடைய வேண்டாம்.

ஒருமுறை சுளுக்கிய கால், வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று ஆடப் போவது நம் பிள்ளைகளின் வழக்கம். மூட்டைப் பிணைக்கும் நார்கள் அதற்குள் வலுப்பெறுவதில்லை. ஒற்றைக் காலில் நின்று உடலைச் சமன்செய்யும் பயிற்சியைச் செய்தால் சுளுக்குக் குறையும் என்று, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் 765 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006-இல் காட்டிற்று. இதற்குக் காசு வேண்டா. பல் துலக்கும் நேரம் போதும்.

நம் நாட்டுக்கு இவ்வாட்டம் பரவியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1920-இல் எச். சி. பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள், ஊர்தோறும் பள்ளிகளில் இதனைக் கற்பித்தனர். என்னுடன் பணிபுரிந்த உடற்பயிற்சி ஆசிரியரும் அக்கல்லூரியின் மாணவரே. இன்று நான் கூறுவனவற்றுள் பாதி அவர் வாய்மொழி. ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டின் மரத்தளம் நமக்கு வரவில்லை. நம் பள்ளிகளுள் பெரும்பாலானவற்றில் இருப்பது வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தளம். அதன்மேல் மணலும் புழுதியும். தொலைக்காட்சியில் காணும் வீரர் அணிவது மரத்தளத்துக்கென்று செய்த மென்மையான ரப்பர் அடி. அதனைச் சிமெண்டில் அணிவது, பென்சிலை உப்புத்தாளில் தேய்ப்பதை ஒக்கும்.

ஆகவே கடைக்குச் சென்றதும் முதலில் காலணியைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் மீன்முள் போன்ற வளைகோடுகள் இருந்தால் அது எல்லாத் திசையிலும் பிடிக்கும். அக்கோடுகள் ஆழமாகவும் ரப்பர் தடிப்பாகவும், நகத்தால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழாததாகவும் இருந்தால் சிமெண்டுத் தளத்துக்கு உதவும். அடியின் முன்பகுதி பாதத்தைவிடச் சிறிது வெளியே அகன்றிருத்தல் நன்று. பக்கவாட்டில் சாயும்போது அதுவே தாங்கும். பிறகு குதிகாலின் பின்புறத்தை இரு விரலால் அமுக்குங்கள், எளிதில் மடங்கலாகாது. முன்னும் பின்னும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் ஒடியலாகாது. ஓட்டக் காலணியை வாங்கிக் கூடைப்பந்து ஆடுவோரும் உளர். அது முன்னோக்கிச் செல்வதற்கென்றே உயர்ந்த, மெல்லிய குதிகாலுடன் செய்யப்பட்டது. பக்கவாட்டில் பாயும்போது கவிழ்த்துவிடும்.

அளவைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி. நம் கடைகளில் வழங்கும் ஆங்கில அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேற்றுமை ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு; அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம்! பழைய இங்கிலாந்தின் தானிய அளவை இன்றும் நம் காலடியில் இருக்கிறது. ஐரோப்பிய எண் வேறு, அமெரிக்க எண் வேறு. ஒரே எண்ணாயினும் ஒரு நிறுவனத்தின் எட்டு, மற்றொன்றின் எட்டுக்கு ஒத்திராது. எண்ணை நம்பாமல் காலை நம்புங்கள். மாலையில், ஆடி முடித்தபின் கடைக்குச் செல்லுங்கள். பாதம் அப்போது சற்றே பருத்திருக்கும். ஆடும்போது அணியும் காலுறையையே அணிந்து, இரு கால்களிலும் மாட்டி, எழுந்து நில்லுங்கள். இரு பாதங்களும் ஒரே அளவினவாக இருத்தல் அரிது. பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். நடக்கையில் குதிகால் மேலெழலாகாது.

நம் வீடுகளில் “வளரும் பிள்ளை” என்று இரண்டு எண் பெரியதாக வாங்கி, முன்னால் பஞ்சோ கந்தல் துணியோ திணித்துக் கொடுப்பது உண்டு. பள்ளிக்கு நடந்து செல்வதற்கு அது பரவாயில்லை. ஆட்டத்துக்கு அது ஆகாது. திடீரென நிற்கும்போது காலணி நின்றுவிடும். பாதம் உள்ளே ஓடும். நகம் கறுப்பதும் கணுக்கால் மடங்குவதும் அதனால்தான். பெற்றோரிடம் இதனைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். விலை குறைந்த, ஆனால் பாதத்துக்குப் பொருந்திய காலணி, விலை மிகுந்த பெரிய காலணியைவிடச் சிறந்தது என்றால் அவர்கள் மகிழ்ந்தே ஒப்புவர்.

அகலமும் கவனிக்கத்தக்கது. வெறுங்காலுடன் வளர்ந்தவர்களின் பாதம் விரல்பக்கம் அகன்றிருப்பது இயல்பு. அதற்காக எவரும் நாணவேண்டுவதில்லை. 1992-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் 2,300 சிறுவர் சிறுமியரின் பாதச் சுவடுகளைப் பார்த்தபோது, காலணி அணிந்து வளர்ந்தவர்களுள் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களுள் 2.8 விழுக்காட்டினருக்குமே தட்டைப் பாதம் இருந்தது. ஆனால் பல வெளிநாட்டுக் காலணிகள் ஒடுங்கிய அச்சில் செய்யப்படுகின்றன. ஒரு தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து அதனைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். காலணியை அக்கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள்; காலணியைத் தாண்டிக் கோடு பிதுங்கித் தெரிந்தால் அது உங்களுக்குரியதன்று.

மாணவியருக்கு ஒரு சொல். நெடுங்காலம் பெண்களுக்கென்று விற்ற காலணிகள், ஆண்களுக்குரிய அச்சைச் சிறிதாக்கிச் செய்தவையே. பெண்களுக்கு முன்பாதத்தை நோக்கக் குதிகால் ஒடுங்கியிருப்பதால் அவை பின்னே தளர்ந்து நின்றன. 1995-இல்தான் ஷெரில் ஸ்வூப்ஸ் என்னும் வீராங்கனையின் பெயரால் ஒரு கூடைப்பந்துக் காலணி முதன்முதலாக வந்தது. இக்காலத்தில் வகைகள் பெருகியுள்ளன. எனினும் பெட்டியின் மேலுள்ள பெயரைக் கண்டு நிறைவடையாமல், குதிகால் பிடிப்பதையே பாருங்கள்.

வாங்கியபின் அதனை ஆடுகளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் செருப்பு இருக்கிறது. நனைந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள். ஒட்டிய பசை இளகி அடி பிரியும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். அருமை கருதிப் பெட்டியிலேயே பல ஆண்டுகள் பூட்டி வைப்பதும் தவறு. சிலவகை நுரைப்பொருள்கள் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, ஒருநாள் அணிந்ததும் பிட்டுப்போல் உதிர்ந்துவிடும். ஆடப் போகுமுன் ஈரத்துணியால் அடிப்பகுதியின் புழுதியைத் துடையுங்கள். நாடாவை மேலே மட்டும் இறுக்காமல், விரல்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்துக் கட்டுங்கள். கட்டிய முடிச்சோடு காலைப் பிடுங்கிக் கழற்றும் பழக்கம் குதிகாலின் விறைப்பை ஒரே மாதத்தில் கெடுத்துவிடும். அடியிலுள்ள கோடுகள் பெருவிரலின் கீழே மறைந்து, அவ்விடம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டால், மேலே எவ்வளவு புதியதாகத் தோன்றினாலும், அதனை நடப்பதற்கு வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு வேறு தேடுங்கள்.